டெய்சிக்கு முன்னாடியே அந்தப் பையன் இருந்தான்: கேட்ஸ்பியும் நம்ம செல்லையாவும்

1/
காதல் தோல்வி என்றாலே நமக்கு ஞாபகம் வருவது தேவதாஸ். 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம். எழுபது வருஷம் ஆகியும் தாடியோடு ஒருத்தனைப் பார்த்தால் "என்னடா தேவதாஸ்" என்றுதான் கேட்கிறோம்.

ஆனால் நான் இப்போது அதிகம் பார்க்கிற தம்பி தேவதாஸ் இல்லை. இவன் வேற ஆள். குடிக்க மாட்டான். ஜிம்முக்குப் போவான். ஓவர்டைம் பார்ப்பான். இ.எம்.ஐ-யில் பைக் எடுப்பான். "ஒரு நாள் அவ என்னைப் பார்த்து ஃபீல் பண்ணணும் சார், அதுக்குத்தான் ஓடிட்டிருக்கேன்" என்பான்.

வீட்டிலும் சந்தோஷம். பையன் பொறுப்பா ஆயிட்டான் என்று.

எனக்கு மட்டும் இவனை நினைத்தால்தான் கொஞ்சம் பயம். ஏன் என்று சொல்ல இரண்டு நாவல்களைத் துணைக்குக் கூப்பிடுகிறேன். ஒன்று அமெரிக்கா, ஒன்று தமிழ். இரண்டின் முடிவையும் சொல்லப் போகிறேன். கதை தெரியக்கூடாது என்பவர்கள் படித்துவிட்டு வாங்க. மற்றவர்கள் பொறுமையா கூட வாங்க.

2/
முதல் நாவல் 'தி கிரேட் கேட்ஸ்பி'. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதி 1925 ஏப்ரலில் வந்தது. வந்த புதுசில் பெரிசா விற்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இலவசமாக 1,55,000 பிரதிகள் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊரெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். அதை எழுதியவர் அதற்குள் செத்துப்போயிருந்தார். இன்று அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பாடம்.

கதை இதுதான். வடக்கு டகோட்டாவில் ஒன்றுமில்லாத விவசாயக் குடும்பத்துப் பையன் ஜேம்ஸ் கேட்ஸ். பதினேழு வயதில் ஒரு பணக்காரரின் படகைப் பார்க்கிறான். அங்கேயே பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். அந்தப் பணக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து நடை, உடை, பேச்சு எல்லாம் கற்றுக்கொள்கிறான். அவர் சாகும்போது இவனுக்கு எழுதி வைத்தது 25,000 டாலர். ஒரு டாலர்கூட கைக்கு வரவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

3/
1917. முதல் உலகப்போர். இவன் ராணுவ அதிகாரி. முகாம் இருந்த லூயிவில் ஊரில் டெய்சி என்ற பெரிய வீட்டுப் பெண்ணைப் பார்க்கிறான். காதல். யூனிஃபார்ம் போட்டவன் எந்தக் குடும்பம் என்று யாருக்கும் தெரியாது. தானும் அவள் மாதிரியே வசதியானவன்தான் என்று அவளை நம்ப விடுகிறான். போருக்குப் போகிறான். திரும்பி வருவதற்குள் 1919 ஜூனில் டெய்சி டாம் பியூகேனன் என்ற பரம்பரைப் பணக்காரனைக் கட்டிக்கொள்கிறாள். மாப்பிள்ளை போட்ட முத்து மாலையின் விலை மட்டும் 3,50,000 டாலர்.

கேட்ஸ்பி அழுதுகொண்டு உட்காரவில்லை. சம்பாதிக்கிறான். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். மருந்துக்கடை என்ற பெயரில் சாராயம் விற்று, பெரிய புள்ளிகளோடு சேர்ந்து, மூன்று வருஷத்தில் கோடீஸ்வரன். டெய்சி வீட்டுக்கு நேர் எதிர்க்கரையில் மாளிகை வாங்குகிறான். வாரா வாரம் ஊரையே கூப்பிட்டு விருந்து. என்றாவது ஒரு நாள் அவள் வந்துவிட மாட்டாளா என்று. ராத்திரியில் தனியாக நின்று அவள் வீட்டுப் படகுத்துறையில் எரிகிற பச்சை விளக்கைப் பார்க்கிறான்.

நம்ம சினிமாவில் ஹீரோ ஒரே பாட்டில் பணக்காரன் ஆவான் இல்லையா? அந்தப் பாட்டு முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் இந்த நாவல்.

4/
என்ன ஆனது?

1922 கோடையில் டெய்சியைச் சந்திக்கிறான். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறான். அலமாரியைத் திறந்து வெளிநாட்டுச் சட்டைகளை ஒவ்வொன்றாக மேஜையில் எறிகிறான். அவள் அந்தச் சட்டைகளில் முகம் புதைத்து அழுகிறாள். இரண்டு பேரும் மறுபடி பழக ஆரம்பிக்கிறார்கள்.

இது போதாதா? போதவில்லை அவனுக்கு.

நியூயார்க்கில் பிளாஸா ஓட்டலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்ஸ்பி ஒரு விஷயத்தை வற்புறுத்துகிறான். டெய்சி தன் புருஷனைப் பார்த்து, உன்னை நான் எப்போதுமே காதலித்ததில்லை என்று சொல்ல வேண்டும். இப்போது காதலிக்கவில்லை என்றால் போதாது. அந்த ஐந்து வருஷமும் நடக்கவே இல்லை என்று ஆக வேண்டும்.

அவள் சொல்லப் பார்க்கிறாள். முடியவில்லை. புருஷனையும் ஒரு காலத்தில் நேசித்தேன், உன்னையும் நேசித்தேன் என்று உடைந்து போகிறாள்.

என்னைப் பொறுத்தவரை கேட்ஸ்பி விழுந்த இடம் இதுதான். குண்டு அப்புறம்தான் வருகிறது.

5/
மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் கேட்ஸ்பியின் காரை டெய்சி ஓட்டுகிறாள். ஒரு பெண் குறுக்கே வந்து அடிபட்டுச் சாகிறாள். பழியை கேட்ஸ்பி ஏற்றுக்கொள்கிறான். அவளைப் புருஷன் ஏதாவது செய்துவிடுவானோ என்று அவள் வீட்டுக்கு வெளியே ராத்திரியில் காவல் நிற்கிறான். உள்ளே டெய்சியும் டாமும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சமாதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செத்துப்போன பெண்ணின் புருஷன் கேட்ஸ்பிதான் காரணம் என்று நினைத்து, அவன் வீட்டு நீச்சல் குளத்திலேயே சுட்டுக் கொல்கிறான்.

நூற்றுக்கணக்கில் விருந்துக்கு வந்தவர்களில் சாவுக்கு வந்தவர் ஒரே ஒருத்தர். டெய்சியிடமிருந்து ஒரு பூ கூட வரவில்லை.

6/
இதைப் படித்துவிட்டு நிறைய பேர் சொல்வது: "என்னா லவ்வு சார். டெய்சி ஏமாத்திட்டா."

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெய்சி நல்லவள் என்று சொல்ல வரவில்லை. ஒரு உயிரைப் பலி கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவள். டாம் அதைவிட மோசம். நான் கேட்பது வேறு.

அந்த ஐந்து வருஷத்தில் கேட்ஸ்பி ஒரு தடவையாவது, "உனக்கு என்ன வேணும்?" என்று அவளைக் கேட்டானா?

நாவலில் ஒரு சின்ன இடம். டெய்சியின் பெண் குழந்தை அறைக்குள் ஓடி வருகிறது. கேட்ஸ்பி அந்தக் குழந்தையை ஆச்சரியமாகப் பார்க்கிறான். அப்படி ஒரு குழந்தை நிஜமாகவே இருக்கும் என்று அவன் அதுவரை நம்பவே இல்லை போலிருக்கு என்று கதை சொல்பவருக்குத் தோன்றுகிறது.

ஒரு பெண்ணை ஐந்து வருஷம் ராத்திரி பகலா நினைத்தவனுக்கு, அவளுக்கு ஒரு குழந்தை இருப்பது மனதில் ஏறவில்லை. அப்போ அவன் நினைத்துக்கொண்டிருந்தது யாரை? 1917இல் பார்த்த ஒரு பதினெட்டு வயசுப் பெண்ணை. அந்தப் பெண் இப்போது எங்கேயும் இல்லை.

7/
சரி, டெய்சி ஏன் அவனுக்கு அவ்வளவு முக்கியம்? அழகு மட்டுமா?

இங்கே நம்ம பக்கத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் வருஷங்கள். குடவோலை முறை. பாடப்புத்தகத்தில் பெருமையாகப் படித்திருப்போம். அதில் யார் நிற்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வேதப் படிப்பு வேண்டும். அது பிராமணர்களின் சபை, அதனால் பிறப்பும் முதலிலேயே முடிவான விஷயம்.

ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு. பெண் பார்க்கும்போது நாம் கேட்கிற கேள்விகளை எடுத்துப் பாருங்க. நிலம் எவ்வளவு? சொந்த வீடா, வாடகையா? என்ன படிப்பு? என்ன ஆளுங்க? பட்டியல் பெரிசா மாறவில்லை. கல்லில் எழுதாமல் வாயில் கேட்கிறோம், அவ்வளவுதான்.

ஜேம்ஸ் கேட்ஸ் பார்த்ததும் இப்படி ஒரு பட்டியலைத்தான். அதில் தேறவே முடியாதவன் அவன். டெய்சி 'சரி' என்று சொல்லிவிட்டால் தேறிவிட்டான் என்று அர்த்தம். அவள் அவனுக்குக் காதலி மட்டும் இல்லை, சர்டிஃபிகேட். தான் ஒரு மனுஷன் என்பதற்கு அட்டெஸ்டேஷன்.

பரம்பரைப் பணக்காரர்கள் அதைக் கடைசிவரை கொடுக்கவில்லை. கோடி வந்த பிறகும் டாம் அவனைப் பார்த்த பார்வை மாறவில்லை. எதிர்க்கரையில் வீடு வாங்கலாம், அந்தக் கரைக்காரனாக முடியாது. நம்ம ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதே இல்லை. கார் வாங்கிய பிறகும் தெருப் பெயரைக் கேட்டு முகம் மாறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

8/
இப்போ நம்ம செல்லையா.

ப. சிங்காரம் என்று ஒரு எழுத்தாளர். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பல் ஏறினார். போரையும் ஜப்பான்காரனையும் அங்கேயே நேரில் பார்த்தார். திரும்பி வந்து மதுரை தினத்தந்தியில் வேலை. எழுதியது இரண்டே நாவல். 'புயலிலே ஒரு தோணி' நிறைய பேருக்குத் தெரியும். அதற்கு முன்னால் எழுதியது 'கடலுக்கு அப்பால்'. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு வாங்கி 1959இல் புத்தகமாக வந்தது.

அதன் கதாநாயகன் செல்லையா. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை என்பவரின் வட்டிக்கடையில் வேலை. அந்தத் தொழிலில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். கணக்கு தப்பக்கூடாது, குரல் உயரக்கூடாது. ஊரை விட்டு, உறவை விட்டு, கடல் தாண்டி வந்து கை ஊன்றி எழுகிற பையன்கள் அவர்கள். செல்லையா முதலாளியின் மகள் மரகதத்தைக் காதலிக்கிறான். மரகதமும் அவனைக் காதலிக்கிறாள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வேண்டும்.

9/
உலகப்போர். ஜப்பான் மலேயாவைப் பிடிக்கிறது. 1943இல் நேதாஜி வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை எடுத்துக்கொள்கிறார். வட்டிக்கடைப் பையன் செல்லையா அதில் சேர்கிறான். துப்பாக்கி பிடிக்கிறான். ஆட்களை நடத்துகிறான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு பினாங்குக்குத் திரும்பி வருகிறான்.

கேட்ஸ்பியும் சிப்பாய், செல்லையாவும் சிப்பாய். இரண்டு பேரும் போர் முடிந்து ஒரு பெண்ணைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஆனால் இங்கே பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கு வேறு. பட்டாளத்துக்குப் போய் பயம் விட்டுப்போனவன் இனி வட்டிக்கடைக்கு ஆக மாட்டான். தொழிலைக் கட்டிக் காப்பாற்றப் பணிவான ஆள் வேண்டும். மகளுக்கு வேறு மாப்பிள்ளை, நாகலிங்கம், பார்த்துவிடுகிறார்.

யோசிச்சுப் பாருங்க. எந்த அனுபவம் செல்லையாவை ஆளாக்கியதோ அதே அனுபவத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்கிறார்கள். கேட்ஸ்பிக்காவது பணம் இல்லை என்பது குறை. செல்லையாவுக்குத் தைரியம் இருப்பதே குறை.

நியாயமாகப் பார்த்தால் கேட்ஸ்பியைவிட இவனுக்குத்தான் அநியாயம் அதிகம். அந்தப் பெண்ணுக்கும்தான்.

10/
ஆனால் செல்லையா அவளைக் கவர எதிர் வீடு வாங்கவில்லை. நாகலிங்கத்தை அழிக்கக் கிளம்பவில்லை. தன்னையும் அழித்துக்கொள்ளவில்லை. வலிக்கிறது, மாய்ந்து போகிறான், கோபப்படுகிறான், தூக்கம் இல்லாமல் நடக்கிறான். கடைசியில் மனதை மட்டும் இழக்காமல் அந்தத் தெருவைத் தாண்டிப் போகிறான்.

ஏன் ஒருத்தன் தாண்டினான், இன்னொருத்தன் தாண்டவில்லை? எனக்குத் தெரிந்து மூன்று காரணம். மூன்றும் இன்றைக்கு நம்ம தம்பிகளுக்கும் பொருந்தும்.

11/
ஒன்று: 'வேண்டாம்' என்று சொன்னது யார் என்று செல்லையாவுக்குத் தெளிவாகத் தெரியும்.

அவனுக்கு மறுப்பு சொன்னது மரகதம் இல்லை, அவள் அப்பா. கேட்ஸ்பி விஷயத்தில் மறுப்பு டெய்சியுடையது. முதல் தடவை காத்திருக்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டாவது தடவை பிளாஸா ஓட்டலில் வாய்விட்டுச் சொன்னாள். கேட்ஸ்பி அதைக் கேட்கவே இல்லை. டாம்தான் தடை, பணம்தான் தடை, கடந்துபோன ஐந்து வருஷம்தான் தடை என்று வேறு எதையாவது கை காட்டிக்கொண்டே இருந்தான்.

நம்ம சினிமா இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறது. பெண்ணே "விருப்பம் இல்லை" என்றாலும் ஹீரோ விடமாட்டான், பெண்ணின் அப்பா மறுத்தாலும் விடமாட்டான். இரண்டுக்கும் ஒரே பின்னணி இசை.

இரண்டும் ஒன்று இல்லை தம்பி.

அவள் விரும்புகிறாள், வீட்டில் சாதியோ சொத்தோ காட்டி மறுக்கிறார்கள் என்றால் அது அநியாயம். அதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வயது வந்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உரிமையாகக் கேட்கலாம், போராடலாம்.

அவளே வேண்டாம் என்கிறாள் என்றால் அது அநியாயம் இல்லை. வலிக்கும். ரொம்பவே வலிக்கும். ஆனால் அநியாயம் இல்லை. அவள் உங்களுக்கு எதுவும் கடன்படவில்லை. நீங்கள் அவளுக்காக எத்தனை ஓவர்டைம் பார்த்திருந்தாலும் சரி, அந்த ஓவர்டைமை அவள் கேட்கவில்லை.

12/
இரண்டு: கேட்ஸ்பி தன் உழைப்பையே அவள் பெயரில் அடமானம் வைத்துவிட்டான்.

நாவலின் கடைசியில் ஒரு இடம் வருகிறது. எனக்கு மொத்தப் புத்தகத்திலும் அதுதான் முக்கியம். கேட்ஸ்பியின் சாவுக்கு அவன் அப்பா வருகிறார், ஹென்றி கேட்ஸ். ஏழைக் கிழவர். மகன் சின்ன வயதில் வைத்திருந்த ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார். அதன் கடைசி வெற்றுத்தாளில் பையன் எழுதி வைத்த அட்டவணை. தேதி 1906 செப்டம்பர் 12. எத்தனை மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, பேச்சுப் பயிற்சி, விளையாட்டு, பணம் சேமிப்பு. பட்டியலின் கடைசியில் அப்பா அம்மாவிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்வது.

1906. டெய்சியைப் பார்த்தது 1917.

அதாவது டெய்சி வருவதற்குப் பதினோரு வருஷம் முன்னாடியே அந்தப் பையன் இருந்தான். முன்னேறணும் என்ற வெறி அவனுடையது. அவள் கொடுத்தது இல்லை. ஆனால் பிறகு அவனே அதை மறந்துவிட்டான். என் உழைப்பு, என் வீடு, என் சட்டை எல்லாம் அவளுக்காக என்று நம்ப ஆரம்பித்தான். அவள் போனதும் கையில் ஒன்றும் இல்லை.

"அவளாலதான் சார் நான் திருந்தினேன்" என்கிற தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஒரகடம் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தது நீ. கான்ட்ராக்ட் வேலையிலும் லீவு போடாமல் நின்றது நீ. அவள் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலும் கையும் உன்னுடையது. அவள் போனாலும் அது போகாது.

13/
மூன்று: செல்லையாவுக்கு மாணிக்கம் இருந்தான்.

மாணிக்கம் அவன் நண்பன். நிறைய படித்தவன், பேசுகிறவன், கிண்டல் செய்கிறவன். செல்லையா உடைந்து உட்காரும்போது கூட உட்கார்கிறான். "விடுடா மச்சான், ஊர்ல பொண்ணா இல்ல" என்கிற ரகம் இல்லை. "தூக்கிடலாம்டா" என்று ஏத்திவிடுகிற ரகமும் இல்லை. தமிழ்ப் பாட்டையும் வாழ்க்கையையும் கலந்து பேசிப் பேசி அவனை நடக்க வைக்கிறான்.

கேட்ஸ்பிக்கு யார் இருந்தார்கள்? வீடு நிறைய ஆள். பேச ஒருத்தர் கிடையாது. கதை சொல்கிற நிக் மட்டும், போன காலம் திரும்ப வராது என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறான். கேட்ஸ்பி நம்பவே மறுக்கிறான். அந்த நட்பும் சில மாசப் பழக்கம்தான்.

இன்ஸ்டாவில் ஆயிரம் ஃபாலோயர் இருக்கிற தம்பியின் நிலைமையும் இதுதான். ஸ்டேட்டஸுக்கு லைக் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கிற ஃபோன் எத்தனை?

14/
ஒரு எதிர்க்கேள்வி வரும், தெரியும். "காதலுக்காக ஒருத்தன் முன்னேறினா என்ன தப்பு? ஒருவேளை டெய்சி வந்திருந்தா எல்லாம் சுபம்தானே?"

நியாயமான கேள்வி. பதில் நாவலில் இல்லை, அதை எழுதியவர் வாழ்க்கையில் இருக்கிறது.

ஃபிட்ஸ்ஜெரால்டும் ஒரு கேட்ஸ்பிதான். ஸெல்டா என்ற பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. இவரிடம் காசு இல்லை, எதிர்காலம் தெரியவில்லை என்று 1919இல் அவர் நிச்சயத்தை முறித்துக்கொண்டார். இவர் ஊருக்குப் போய் அறையில் உட்கார்ந்து நாவலைத் திருத்தி எழுதினார். 1920 மார்ச் 26 அன்று முதல் நாவல் வெளிவந்து பேர் கிடைத்தது. ஏப்ரல் 3 அன்று கல்யாணம். எட்டே நாள்!

ஃபார்முலா ஜெயித்தது. அதற்குப் பிறகு? குடி, கடன், சண்டை. 1930இலிருந்து ஸெல்டா மனநல மருத்துவமனைகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மனநோய்க்குக் காதலோ கல்யாணமோ காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது தப்பான மருத்துவம். சொல்ல வருவது இவ்வளவுதான்: ஜெயித்துக் காட்டிப் பெண்ணைக் கட்டியதால் வாழ்க்கை தானாகச் சரியாகிவிடவில்லை. 1940இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் மாரடைப்பில் இறந்தபோது வயது 44.

முன்னேறுவது தப்பே இல்லை. அதை இன்னொருத்தர் கொடுக்கிற மார்க்குக்காகச் செய்வதுதான் ஆபத்து. அவர் மார்க் போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து.

15/
கொஞ்சம் மருத்துவமும் பேசிவிடுகிறேன்.

காதல் முறிந்தவனைப் பார்த்து "நடிக்கிறான்" என்று சொல்லாதீங்க. 2010இல் ஹெலன் ஃபிஷர் என்ற ஆய்வாளரின் குழு, சமீபத்தில் காதலில் கைவிடப்பட்ட 15 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. பிரிந்துபோனவரின் போட்டோவைக் காட்டும்போது, போதைப் பொருளுக்கு ஏங்கும்போது வேலை செய்கிற பகுதிகள் வேலை செய்தன. சின்ன ஆய்வுதான். ஆனால் வார்டில் நாங்கள் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், ஃபோனைக் கையிலிருந்து வைக்க முடியாது. இது திமிரும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நாளாக ஆக, பிரிந்தவர் மீதான பிடிப்போடு தொடர்புடைய ஒரு பகுதியில் அந்தச் செயல்பாடு குறைவாக இருந்தது. பாட்டி சொன்ன "காலம் ஆத்தும்" தான். ஆனால் ஒரு கண்டிஷன். எதிர்க்கரையில் வீடு வாங்கி உட்கார்ந்து தினம் பச்சை விளக்கைப் பார்த்தால் ஆறாது. இன்றைக்கு அந்தப் பச்சை விளக்கு நம்ம கையிலேயே இருக்கிறது. அவள் ஆன்லைனில் இருக்கிறாளா என்று காட்டுகிற புள்ளி. அதுவும் சில ஆப்பில் பச்சைதான்!

பிளாக் செய்வது கோபம் இல்லை. கட்டுப் போடுவது மாதிரி. புண் ஆறும்வரை மூடி வைக்கிறோம்.

16/
இதையெல்லாம் இலக்கியம் பேச ஆசைப்பட்டு எழுதவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையில் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் காதல் விவகாரம் என்று பதிவானது மட்டும் ஏழாயிரத்துக்கும் மேல். மொத்தத்தில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். குடும்பப் பிரச்சினை என்று எழுதப்பட்டதற்குள் எத்தனை காதல் இருக்கும் என்று எங்களைப் போன்ற கேஷுவாலிட்டி டாக்டர்களுக்குத்தான் தெரியும்.

வருகிற தம்பிகளில் பாதிக்கு மேல் "சாகணும்னு நினைக்கல சார், அவளுக்குத் தெரியணும்னு நினைச்சேன்" என்பார்கள். கேட்ஸ்பியின் விருந்து மாதிரியேதான். அவள் பார்க்க வேண்டும் என்று செய்வது. விருந்தை அடுத்த வாரம் மறுபடி வைக்கலாம். இதை அப்படிச் செய்ய முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பையனுக்கு ஏதாவது ஆனால் ஊர் அந்தப் பெண்ணைத்தான் திட்டும். "அவளாலதான்." அவள் பேச்சை நிறுத்துவார்கள், படிப்பை நிறுத்துவார்கள். வேண்டாம் என்று சொன்னதைத் தவிர அவள் ஒன்றும் செய்திருக்க மாட்டாள்.

17/
செய்யக்கூடியது நாலே நாலு.

நண்பர்களுக்கு: மாணிக்கமாக இருங்க. ஏத்திவிடாதீங்க, கிண்டல் பண்ணாதீங்க. முதல் சில வாரம் தனியா விடாதீங்க. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால் வெளியே வரும், நமக்குத் தெரியும்.

அப்பா அம்மாவுக்கு: பையன் திடீரென்று ரொம்பப் பொறுப்பாகிவிட்டான், ராத்திரி பகலா ஓடுகிறான் என்றால் பெருமைப்படுங்க. கூடவே "யாருக்காகப்பா இந்த ஓட்டம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. திட்டுகிற குரலில் வேண்டாம். சோறு போடும்போது கேளுங்க.

மனசு ரொம்ப பாரமாக இருந்தால்: 104க்கு அழையுங்க, தமிழக அரசின் மருத்துவ உதவி எண். 14416 டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். இரண்டும் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பேசுவதற்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டியதில்லை.

ஏதாவது செய்துகொண்டால்: ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதீங்க. 108. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மணிக்கணக்கில் தாமதிக்கிறார்கள், அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது. நாங்கள் எம்.எல்.சி பதிவு போடுவோம், அது பதிவு மட்டுமே. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது. அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

18/
கடைசியாக சிங்காரத்தைப் பற்றி ஒரு விஷயம். மதுரையில் ஒய்.எம்.சி.ஏ. அறையில் பல வருஷம் தனியாளாக வாழ்ந்தார். உயிரோடு இருந்தவரை அவர் நாவல்களைப் பெரிதாகக் கொண்டாடியவர்கள் குறைவு. 1997 டிசம்பரில் இறந்தார். தன் சேமிப்பைப் படிக்கிற பிள்ளைகளின் செலவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் கொடுக்கிற மார்க்குக்காக அவர் எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, செல்லையாவைச் சாகடிக்காமல் விட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

'கடலுக்கு அப்பால்' சின்னப் புத்தகம்தான். நூலகத்தில் கேளுங்க. தெரிந்த தம்பி யாராவது ராத்திரி பகலா ஓடிக்கொண்டிருந்தால் வாங்கிக் கொடுங்க. படிக்க மாட்டான் என்றால் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து நீங்களே கதையைச் சொல்லுங்க. செல்லையாவுக்கு மாணிக்கம் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.



ஒரு அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.,
தென்னேரி